வழிமொழிந்த கை

மார்ச் 4

அன்புள்ள அண்ணா,

உனக்கும் அண்ணிக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லையே? இருந்தாலும் கொஞ்சம் பொறுத்துக்கொள், முதலில் என் சேதியைக் கேள். நான் ஜெயித்துவிட்டேன்! ஏழு ஓட்டு வித்தியாசம். மூக்குக்கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து "மேல் வரி தெரியுதா, கீழ் வரி தெரியுதா" என்று கேட்டுக்கொண்டிருந்த உன் தங்கை இன்றைக்குப் பதினான்காம் வார்டு கவுன்சிலர். தலைகால் புரியவில்லை. நேற்று ஒரு அம்மாவுக்கு இடது கண் வில்லையை வலது பக்கம் மாட்டிக் கொடுத்துவிட்டேன். "பளிச்சுனு தெரியுதும்மா" என்று வாழ்த்திவிட்டுப் போனவர், சாயங்காலம் சுவரைப் பிடித்துக்கொண்டே திரும்பி வந்தார்.

உன் மாப்பிள்ளையைக் கேட்கவே வேண்டாம். வாயைத் திறக்கவே யோசிக்கிற மனுஷன், பஸ்ஸில் ஏறியவர்களிடமெல்லாம் "என் வீட்டுக்காரி கவுன்சிலர்" என்று சொல்லிக்கொண்டே ஓட்டி, ஒரு நிறுத்தத்தையே தாண்டிப் போய்விட்டாராம்.

மன்றத்தைப் பற்றி உனக்கு யார் சொல்லப்போகிறார்கள், நானே சொல்கிறேன். வார்டு இருபத்தொன்று, உறுப்பினர் இருபத்தொரு பேர். எங்களுக்குள்ளேயே ஒருவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். அவருக்கு வழக்கமாக ஓட்டுக் கிடையாது. இரண்டு பக்கமும் சமமாக நின்றால் மட்டும் போடுவார். செயலாளரும் பொறியாளரும் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்கள். அவர்களுக்கும் ஓட்டு இல்லை, ஆனால் விஷயம் அவர்களுக்குத்தான் தெரியும். தண்ணீர், குப்பை, தெருவிளக்கு, சாலைப் பள்ளம், சந்தை, நூலகம், பிறந்ததற்குச் சான்று, செத்ததற்குச் சான்று எல்லாம் எங்கள் பொறுப்பு. எங்களைத் தாண்டி ஒருவரும் இந்த ஊருக்குள் வரவும் முடியாது, போகவும் முடியாது!

அடுத்த மாதம் கமிட்டி பிரிக்கிறார்கள். எனக்கு விளக்குக் கமிட்டிதான் என்று மனசுக்குள் முடிவே செய்துவிட்டேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. அண்ணியிடம் நான் குதித்துக்கொண்டிருப்பதாகச் சொல்.

உன் தங்கை (கவுன்சிலர்)

மார்ச் 21

மாண்புமிகு வாயாடிக்கு,

இங்கே நாங்கள் இருவரும் சுகம். உன் கடிதத்தை உன் அண்ணி சத்தமாக வாசித்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் என்னவோ என்று எட்டிப்பார்த்தார்கள். அவர்களுக்கும் வாசித்துக் காட்டினாள்.

சந்தோஷம். ரொம்ப சந்தோஷம். வேலைக்குப் போன இடத்திலும் சொன்னேன். பதினெட்டு மாடிக் கட்டடம், லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே மாட்டிக்கொண்ட நாலு பேரும் கதவைத் தட்டிக் கத்திக்கொண்டிருக்கிறார்கள். கம்பியைச் சரிபார்த்துக்கொண்டே, "பயப்படாதீங்க, என் தங்கச்சி கவுன்சிலர்" என்றேன். அது அவர்களுக்கு எந்த விதத்தில் தைரியம் என்று தெரியவில்லை, ஆனால் கத்துவதை நிறுத்திவிட்டார்கள்.

வீடு எப்படி இருக்கிறது? பின்னறைக் கதவு எத்தனை அடி அகலம்? அளந்து எழுது. சும்மாதான் கேட்கிறேன்.

கால் வலி பரவாயில்லை. நீ ஓடி ஓடி உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

அண்ணன்

ஏப்ரல் 9

அன்புள்ள அண்ணா,

கால் வலியா? என்ன கால் வலி? இதற்கு முன்னால் நீ எழுதவே இல்லையே. டாக்டரிடம் காட்டினாயா? கதவு மூன்றடி நாலு அங்குலம். எதற்கு என்று கேட்க மாட்டேன், ஏனென்றால் எனக்குச் சொல்ல வேண்டியது மலையளவு இருக்கிறது.

விளக்குக் கமிட்டி போச்சு. யாரும் கை வைக்க விரும்பாத வடிகால் கமிட்டியில் என்னைத் தள்ளிவிட்டார்கள். அழுகையாக வந்தது. அந்த ஆத்திரத்தோடுதான் முதல் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன்.

ஒன்பதாம் வார்டு உறுப்பினர் ஒருவர் இருக்கிறார். குடை ரிப்பேர்க் கடைக்காரர், மன்றத்தில் எல்லோரும் குடைக்காரர் என்றே கூப்பிடுகிறார்கள். எழுந்து நின்று ஒரு தாளை வாசித்தார். கீழ்த்தெருவில் மழைக்கு மழை நாற்பது வீட்டுக்குள் தண்ணீர் புகுகிறதாம். ஒரு காலத்தில் அங்கிருந்து ஆற்றுக்கு ஒரு வடிகால் ஓடியதாம், அதன்மேல் கல்லைப் போட்டு மூடிவிட்டார்களாம், அதைத் திறக்க வேண்டுமாம். வாசித்துவிட்டு நின்றார். தலைவர், "வழிமொழிய யாராவது உண்டா?" என்று கேட்டார். ஒருவரும் மூச்சு விடவில்லை. ஒருவர் நகம் கடிக்கிறார், ஒருவர் மின்விசிறியைப் பார்க்கிறார். அந்த மனுஷன் மட்டும் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டே இருந்தார்.

பார்க்கப் பாவமாக இருந்தது. கல்யாண வீட்டில் ஒருவர் பேசி முடித்ததும் நாம் "ஆமாங்க" என்று சொல்வோமே, அது மாதிரி ஏதோ மரியாதைக்குச் செய்வதுதான் வழிமொழிதல் என்று நினைத்துக் கையைத் தூக்கிவிட்டேன். மன்றமே என் பக்கம் திரும்பியது. செயலாளர் பேனாவைக் கீழே போட்டுவிட்டார். அப்புறம்தான் தெரிந்தது, ஆறு வருஷமாக அவர் இதையே வாசிக்கிறாராம். வழிமொழிய ஆள் இல்லாவிட்டால் தீர்மானம் அங்கேயே செத்துப்போகும். என் கையால் அதற்கு உயிர் வந்துவிட்டது!

வெளியே வந்ததும் குடைக்காரர், "ஏம்மா, தெரிஞ்சுதான் தூக்கினீங்களா?" என்றார்.

"இல்லைங்க," என்றேன்.

"பரவால்ல. இறக்கிடாதீங்க," என்றார்.

அண்ணா, இப்போது எனக்கு வடிகால் கமிட்டி பிடித்துவிட்டது. காலைக் காட்டிவிட்டு எனக்கு எழுது.

உன் தங்கை

ஏப்ரல் 28

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் நலம். நீ கை தூக்கிய கதையை வாசித்து உன் அண்ணிக்குப் புரையேறிவிட்டது. சின்ன வயதிலேயே நீ அப்படித்தான். வகுப்பில் "யார் கண்ணாடியை உடைத்தது" என்று கேட்டபோது, யாரும் பேசவில்லையே என்று கை தூக்கிவிட்டு வந்தவள்தானே.

தூக்கியது தூக்கியதுதான். நன்றாகப் படித்துக்கொண்டு பேசு.

பின்னறைச் சுவர் ஈரம் அடிக்கிறதா? மின் இணைப்பு அந்த அறை வரைக்கும் இருக்கிறதா? மோட்டார் ஓடினால் தாங்குமா என்று மாப்பிள்ளையைக் கேட்டு எழுது.

கால் அப்படியேதான்.

அண்ணன்

மே 18

அன்புள்ள அண்ணா,

அண்ணியின் இருமல், உன் கால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். ஒரு நிமிஷம் உட்கார்ந்துகொண்டு இதைப் படி.

தீர்மானத்தை வழிமொழிந்தவர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று விதி. பொறியாளர், குடைக்காரர், நான் மூன்று பேரும் பழைய வரைபடத்தோடு கீழ்த்தெருவிலிருந்து கிளம்பினோம். நாடாவைப் பிடித்து அளந்துகொண்டே வந்தோம். ரொட்டிக்கடைக்குப் பின்னால், அச்சகத்து முற்றத்துக்கு அடியில், முடிவெட்டும் கடைச் சந்தில். எனக்கு ஒரே உற்சாகம், புதையல் தேடுகிற மாதிரி முன்னால் ஓடினேன். "இந்தப் பக்கம், இந்தப் பக்கம்" என்று நானே வழி சொன்னேன். கடைசியில் நாடா எங்கே போய் முட்டியது தெரியுமா? நம் வீட்டுப் பின்கதவில்!

பொறியாளர் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கவுன்சிலர் மேடம், இது யார் வீடுங்க?"

"என் வீடுதாங்க," என்றேன். குடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு எங்கள் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அப்பா அந்தக் கல்லுக்கு மேலேதான் பின்னறையைக் கட்டியிருக்கிறார். மன்றத்தில் அனுமதிச் சீட்டே இருக்கிறது. வடிகாலைத் திறக்க வேண்டுமானால் பின்னறையை இடிக்க வேண்டும். சுற்றிக்கொண்டு போகலாம் என்றால் பதினொரு வீடு குறுக்கே வருகிறது, அது இந்த ஜென்மத்தில் நடக்காது.

இன்னொன்று கேள். தன் சொத்து சம்பந்தப்பட்ட விஷயத்தில் உறுப்பினர் ஓட்டுப் போடக் கூடாது, பேசவும் கூடாது, எழுந்து வெளியே போய்விட வேண்டுமாம். வழிமொழிந்த நானே வெளியே உட்கார வேண்டும்! வீடு நம் இரண்டு பேர் பெயரிலும் இருப்பதால் இரண்டு பேரும் சம்மதக் கடிதம் கொடுக்க வேண்டும். செயலாளருக்கு உறையிலிட்டு அனுப்பினால், கூட்டத்தில்தான் பிரிப்பார்கள். நான் கொடுத்துவிட்டேன்.

அந்த அறையில் என்ன இருக்கிறது, ஓட்டை சைக்கிளும் என் படம் போட்ட தேர்தல் நோட்டீசும்தானே. நீயும் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடு. நாற்பது வீடு அண்ணா! எனக்கு இப்போதே அங்கே போய்ச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

பதிலை எதிர்பார்த்து வாசலிலேயே நிற்கும்,
தங்கை

ஜூன் 30

அன்புள்ள அண்ணா,

ஆறு வாரமாகிறது. உங்கள் இரண்டு பேருக்கும் ஒன்றுமில்லையே? உன்னிடமிருந்து வரி இல்லை.

போன வாரம் மழை. கீழ்த்தெருவுக்குப் போனேன். முழங்கால் வரைக்கும் தண்ணீர். ஒரு வீட்டில் கட்டில் மேல் கட்டில் போட்டு அதன் மேல் தையல் மிஷினை ஏற்றி வைத்திருந்தார்கள். தையற்காரம்மா சாக்கடைத் தண்ணீருக்குள் நின்றுகொண்டு, "கவுன்சிலரம்மா, இந்த வருஷம் வழிமொழிஞ்சிட்டீங்களாமே!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

மன்றத்தில் இதற்குள் பேச்சுக் கிளம்பிவிட்டது. "பாருங்க, கடைசியில அண்ணன் கையெழுத்து வரலைன்னு சொல்லித் தன் வீட்டைக் காப்பாத்திக்குவாங்க" என்று சந்தைக் கமிட்டிக்காரர் சொல்லிக்கொண்டு திரிகிறார். நான் அவருக்கு ஆறு மாதம் முன்னால் கொடுத்த கண்ணாடியைத் திருப்பி வாங்கிவிடலாமா என்று பார்க்கிறேன்.

செயலாளரிடம் கேட்டேன். உறை வந்ததா வரவில்லையா என்பதைக்கூடச் சொல்லக் கூடாதாம். கூட்டம் செப்டம்பர் 12. நீ அனுப்பினாயா இல்லையா என்று ஒரு வார்த்தை எழுதக்கூடாதா?

தவிக்கும்,
தங்கை

ஜூலை 11

அன்புத் தங்கைக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். இங்கே இருவரும் சுகம். பணிமனையில் புது மேலாளர் வந்திருக்கிறார். லிஃப்டுக்குள் கண்ணாடி பதிக்கச் சொல்கிறார். கண்ணாடி இருந்தால் சனங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு, தாமதமானதை மறந்துவிடுவார்களாம். நீ இருந்தால் இதற்கு ஏதாவது சொல்லியிருப்பாய்.

அண்ணி ஜன்னலில் புதினா வளர்க்கிறாள். வெயில் அதிகம். மாப்பிள்ளை பஸ்ஸில் பிரேக் சத்தம் போடுகிறது என்று எழுதியிருந்தாரே, சரியானதா?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்

ஜூலை 15

என் அருமை நாத்தனாருக்கு,

நீயும் தம்பியும் சௌக்கியம்தானே. நான் கடிதம் எழுதுகிற ஆளில்லை, உனக்கே தெரியும். உன் அண்ணனுக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

அவருக்கு முழங்கால் போய்விட்டது. லிஃப்ட் குழிக்குள் இறங்கி ஏற முடியவில்லை. டிசம்பரோடு வேலையை விட்டுவிடச் சொல்லிவிட்டார்கள். ஊருக்கு வந்து அந்தப் பின்னறையில் மோட்டார் ரிப்பேர்ப் பட்டறை வைக்க வேண்டும் என்று இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். தாளில் கட்டம் போட்டு, கடைசல் மிஷின் இங்கே, மேஜை இங்கே என்று வரைந்து சுவரில் ஒட்டி வைத்திருந்தார். மே மாதம் உன் கடிதம் வந்தது. வாசித்துவிட்டு அந்தத் தாளைக் கிழித்து எடுத்தார். 

கையெழுத்துப் போட்டாரா இல்லையா என்று எனக்கும் தெரியாது. கேட்டால் "புதினாவுக்குத் தண்ணி ஊத்து" என்கிறார். உன்மேல் கோபமில்லை, அது மட்டும் நிச்சயம். ஆனால் உனக்குத் தெரியாமல் இருப்பது சரியில்லை என்று தோன்றியது.

அண்ணி

ஜூலை 29

அண்ணா,

உன் காலுக்கு என்ன என்று இனி நான் உன்னைக் கேட்கப் போவதில்லை, எனக்குத் தெரிந்துவிட்டது. அண்ணியைத் திட்டாதே.

கதவு எத்தனை அடி, சுவர் ஈரமா, மோட்டார் தாங்குமா என்று இரண்டு கடிதத்தில் கேட்டாய். ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டுகிற எனக்கு இது தெரியவில்லையே! ஓட்டை சைக்கிளும் நோட்டீசும்தானே என்று வேறு எழுதினேன். அதை நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. உன்மேலும் கோபம்தான். எனக்கு ஜெயித்த கையோடு எழுத உன்னைத் தவிர ஆளில்லை, உனக்கு வேலை போகிறது என்று எழுத நான் ஆளில்லையா?

கேள். நீ சம்மதம் தர வேண்டாம். வழிமொழிந்ததை இனி என்னால் திருப்பி வாங்க முடியாது, விதி இல்லை. ஆனால் உன் கடிதம் இல்லையென்றால் தீர்மானம் தானாகவே விழுந்துவிடும். கீழ்த்தெருவுக்கு நானே போய்ச் சொல்கிறேன். குடைக்காரருக்கும் பதில் சொல்கிறேன். சந்தைக் கமிட்டிக்காரர் சொன்னது பலித்ததாக இருக்கட்டும். தையற்காரம்மாவின் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்றுதான் தெரியவில்லை. பார்த்துக்கொள்கிறேன். நீ வந்து இறங்க ஓர் இடம் வேண்டும்.

அண்ணிக்கு என் அன்பு.

தங்கை

ஆகஸ்ட் 20

அன்புத் தங்கைக்கு,

உன் அண்ணிக்கு வாய் நீளம். உனக்கு அதைவிட நீளம். மற்றபடி இங்கே எல்லோரும் நலம்.

எனக்காக யாரிடமும் போய் ஒன்றும் சொல்லாதே. குடைக்காரரிடம் வாயே திறக்காதே. பன்னிரண்டாம் தேதி கூட்டத்துக்கு நேரத்தோடு போ. வெளியே அனுப்பும்போது கதவோரமாக உட்கார்.

அண்ணன்

செப்டம்பர் 12

என் அண்ணாவுக்கு,

நீ நன்றாக இருக்கிறாயா, அண்ணி நன்றாக இருக்கிறாளா என்று கேட்கக்கூட எனக்குப் பொறுமை இல்லை. மன்றத்து வராந்தா பெஞ்சிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். தாள் மடியில் இருக்கிறது, எழுத்துக் கோணல் மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

எட்டாவது தீர்மானம் என்று சொன்னதும் தலைவர் என்னைப் பார்த்தார். எழுந்து வெளியே வந்தேன். இருபது பேரும் என் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீ சொன்னபடி கதவோரமாக உட்கார்ந்தேன். பக்கத்தில் வாசல் காக்கிற பெரியவர். உள்ளே சந்தைக் கமிட்டிக்காரர் பேசுகிறார்: "வழிமொழிஞ்சவங்க வீடே குறுக்க நிக்குது. ஒரு கையெழுத்துத்தான் இருக்கும், இன்னொண்ணு எங்கேன்னு கேளுங்க!"

செயலாளர், "இரண்டு உறை இருக்குங்க," என்றார்.

அண்ணா, இரண்டாவது உறை உன்னுடையது! ஜூன் 25 தேதியிட்ட கடிதமாம். நான் உன்னைத் திட்டி எழுதுவதற்கு முன்னாலேயே அனுப்பிவிட்டு, எனக்குப் புதினாவைப் பற்றி எழுதியிருக்கிறாய்! ஒரு வரி எழுதச் சொன்னால் ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். வந்த கடிதத்தை முழுசாக வாசிக்க வேண்டும் என்பது விதி. தண்ணீர் வரி நோட்டீஸ் வாசிக்கிற அதே குரலில் செயலாளர் வாசித்தார்:

"மேற்படி வீட்டின் இன்னொரு உரிமையாளனாகிய நான், பின்னறையை இடிக்க முழு மனதோடு சம்மதிக்கிறேன். அந்த அறையில் பட்டறை வைக்க எண்ணியிருந்தேன். என் முழங்கால் கெட்டுவிட்டது, வேலை டிசம்பரோடு முடிகிறது. இதை என் தங்கையிடம் சொல்லவில்லை. சொன்னால் தூக்கிய கையை இறக்கிவிடுவாள். பட்டறைக்கு நான் வேறு இடம் பார்த்துக்கொள்வேன். கீழ்த்தெருத் தண்ணீருக்கு வேறு வழி இல்லை என்று அவள் எழுதியிருக்கிறாள், அவள் அளந்து பார்த்தவள். கடைசியாக ஒன்று. தேர்தலன்று நான் தொலைவில் இருந்தேன். பட்டியலில் பெயர் இருந்தும் ஓட்டுப் போடவில்லை. விதியில் இடம் உண்டா என்று தெரியாது. இந்தக் கடிதத்தை, என் தங்கைக்கு நான் போடும் ஓட்டாக வைத்துக்கொள்ளுங்கள்."

நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். பிறகு எண்ணினார்கள். ஆதரவு பதினொன்று, எதிர்ப்பு எட்டு. குடைக்காரர் கத்திய கத்தில் ஜன்னலில் இருந்த புறாவெல்லாம் பறந்தது. எதிர்த்த எட்டுப் பேரில் சந்தைக் கமிட்டிக்காரர் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இடிக்கும் வேலை ஜனவரியில். நம் வீட்டு வாசலில் என் கடையை ஒட்டிய முன்னறையை உனக்கு ஒழித்துத் தருவதென்று உன் மாப்பிள்ளை போன வாரமே ஆணி அடித்துப் பலகை மாட்டிவிட்டார், கூட்டத்து முடிவுக்குக்கூடக் காத்திருக்கவில்லை. கதவு நாலரை அடி. கடைசல் மிஷின் தாராளமாக நுழையும். ஒரு பக்கம் நான் கண்ணைப் பார்க்கிறேன், மறுபக்கம் நீ மோட்டாரைப் பார். சத்தம் போட்டாயோ, மன்றத்தில் புகார் கொடுப்பேன்.

டிக்கெட் எடுத்ததும் தேதியை எழுது. இந்தத் தடவையாவது கேட்டதற்குப் பதில் எழுது.

இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது. நான் பெஞ்சில் தேம்பிக்கொண்டிருந்ததைப் பார்த்து வாசல் பெரியவர் பதறிப்போய், "ஏம்மா அழறீங்க, தோத்துட்டீங்களா?" என்றார்.

"இல்லைங்க ஐயா," என்றேன். "ஏழு ஓட்டுல ஜெயிச்சேன்னு நினைச்சுட்டிருந்தேன். எட்டு."

உன் தங்கை